விமானப் பராமரிப்பு என்றாலே ஏன் சிங்கிள் டெண்டர்?

கணபதி லேத்:

வணக்கம். கோவை கணபதியில் அப்பா தொடங்கிய லேத் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சிஎன்சி இரண்டு, பழைய லேத் நான்கு, பக்கத்து ஷெட்டில் ரப்பர் சீல் வார்க்கும் பிரஸ் ஒன்று. வேலை முழுக்க பம்ப் கம்பெனிகளுக்குத்தான்.

போன வாரம் ஒரு டெண்டர் தளத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது போர் விமான உதிரிபாகங்கள் கண்ணில் பட்டன. புஷ், ஸ்லீவ், ஓ-ரிங், வாஷர். நாங்கள் தினமும் செய்கிற சாமான் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் "சிங்கிள் டெண்டர், பிஏசி" (இந்த ஒரு கம்பெனிதான் இதைச் செய்கிறது என்கிற சான்றிதழாம்) என்று போட்டு ஒரே கம்பெனியின் பெயர். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் போர்வெல் மோட்டாருக்கு காயில் கட்டவே மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். பம்ப் கம்பெனிக்காரர் ஓ-ரிங்கில் பத்துப் பைசா குறைக்க எங்களை நாலு பேரோடு மோதவிடுவார். கோடிக்கணக்கில் செலவாகிற இடத்தில் மட்டும் ஒரே ஆளிடம் போய் நிற்பது ஏன்?

"பாதுகாப்பு ரகசியம்" என்ற ஒரு வரிப் பதில் வேண்டாம். உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்சு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே கம்பெனி என்றால் ஒரே இடத்தில் கமிஷன் பேசினால் போதும். நாலு பேர் வந்தால் நாலு பேரிடமும் பேச வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பழைய ஃபிட்டர்:

பெஞ்சுத் தம்பிக்கு முதலில். கமிஷனே கிடையாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஆபீசரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதே பிஏசி தாளில்தான் கையெழுத்துப் போடுவார். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 1983-இல் விமானப்படையில் சேர்ந்தேன். தாம்பரத்தில் பயிற்சி, ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் டிரேடு. இருபது வருடம் முடித்து சார்ஜென்டாக வெளியே வந்தேன். அதில் பெரும்பகுதி ஏஎன்-32 என்கிற அன்டனோவ் சரக்கு விமானத்தின் அடியில் படுத்தே போயிற்று. என்ஜின் இரண்டையும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்குமே, அதே விமானம்தான். லே மாதிரி உயரமான இடங்களில் இறங்கி ஏறுவதற்கென்றே அப்படி. வடிவமைத்தது கீவ் நகரத்தில். நம்மிடம் 1984-இல் வரத் தொடங்கியது.

சோவியத் காலத்தில் உதிரிபாகம் மரப்பெட்டியில் வரும். மேலே மெழுகுத்தாள், உள்ளே கிரீஸ், கூடவே சின்னதாக ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்துக்குப் பெயரே பாஸ்போர்ட். பாகம் எங்கே, எப்போது பிறந்தது, எத்தனை மணி நேரம் ஓடலாம், எப்போது ஓவர்ஹாலுக்குப் போக வேண்டும் என்று எல்லாம் ரஷ்ய மொழியில் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாத பாகத்தை விமானத்தில் மாட்டக் கூடாது. பளபளவென்று புதிதாக இருந்தாலும் சரி, கூடாது.

1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. வடிவமைத்த அலுவலகம் உக்ரைனில், பாகம் செய்த ஆலைகளில் பல ரஷ்யாவில். அடுத்த இரண்டு மூன்று வருடம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! வடக்கே ஒரு தளத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பாகத்தை அசைக்கிற உருளை, ஒன்றில் எண்ணெய் கசிந்தது. மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல், அகலம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஸ்டோரில் இல்லை. ஏஓஜி சிக்னல் போட்டோம். அதாவது விமானம் தரையில் நிற்கிறது, பாகம் உடனே வேண்டும் என்கிற அவசரத் தகவல். ஒரு மாதம் பதில் இல்லை. கடைசியில் ஹேங்கர் மூலையில் நின்ற இன்னொரு விமானத்தின் ஆக்சுவேட்டரைக் கழற்றி இதில் மாட்டினோம். கானிபலைஸ் செய்வது என்பார்கள். ஒரு வேலையை இரண்டு முறை செய்வதற்குப் பெயர் அது: அங்கே கழற்றி இங்கே மாட்டு, பாகம் வந்ததும் அங்கே திரும்ப மாட்டு. மூலையில் நின்ற விமானம் ஆறே மாதத்தில் எலும்புக்கூடாகிவிட்டது.

அப்போது எங்கள் வாரண்ட் ஆபீசர் ஒருவர், பஞ்சாபி, உங்களைப் போலவே கேட்டார்: "இந்தச் சீலை ஊரில் ஒருத்தனும் செய்ய மாட்டானா?" பஜாரில் ஒரு ரப்பர்க்காரரிடம் பழைய சீலைக் கொடுத்து அச்சு அசலாக ஆறு வார்த்து வாங்கி வந்தார். வெர்னியரில் வைத்துப் பார்த்தோம், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் மட்டும் நேரே மாட்டவில்லை. மெஸ்ஸிலிருந்து காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்து வந்தார். அந்த விமானத்துக்கு ஏஎம்ஜி-10 என்று ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக ஒரு ஹைட்ராலிக் எண்ணெய். அதை பாட்டிலில் ஊற்றி இரண்டு சீலை உள்ளே போட்டு ஜன்னல் ஓரம் வைத்தார்.

எட்டு நாள் கழித்து எடுத்தால், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் உரிந்து வருகிறது. அந்தச் சீலை மாட்டிப் பறக்கவிட்டிருந்தால் நடுவானில் ஆக்சுவேட்டர் இறுகியிருக்கும்.

அளவு சரி, ரப்பர் தப்பு. கனிம எண்ணெயில் ஊறினால் நைட்ரைல் தாங்கும், சாதாரண ரப்பர் தாங்காது என்பது தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நைட்ரைலிலேயே எந்தக் கலவை, லே குளிருக்கும் சமவெளி வெயிலுக்கும் எது ஒத்துவரும், எத்தனை முறை அழுத்தி விட்டால் சுருங்கிப்போகும், அதெல்லாம் எங்களிடம் இருந்த மேனுவலில் இல்லை. கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி, எவ்வளவு டார்க்கில் முடுக்குவது என்பது மட்டும்தான் இருந்தது. செய்வது எப்படி என்கிற தாள் ஆலைக்காரனின் பீரோவில் இருக்கிறது. அந்தத் தாளுக்கு நாம் காசு கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். சிங்கிள் டெண்டரை இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் முடிவு செய்யவில்லை. விமானம் வாங்கிய அன்றைக்கே அது முடிவாகிவிட்டது. விமானத்துக்கு விலை பேசினார்கள், ஆயுதத்துக்கு விலை பேசினார்கள். வரைபட உரிமை, பொருள் விவரம், சோதனை முறை என்று வந்தபோது "அதெல்லாம் அப்புறம்" என்று விட்டார்கள், அல்லது விற்கிறவன் தர மறுத்தான். முப்பது வருடம் கழித்து அந்த 'அப்புறம்' பிஏசி தாளாக வந்து நிற்கிறது.

இந்த விஷயத்தில் நாம் மட்டும் ஏமாளி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எஃப்-35 விமானத்தின் தொழில்நுட்ப ஆவண உரிமையை வாங்காமல் திட்டத்தை ஆரம்பித்தது மோசமான கொள்முதல் தவறு என்று அந்நாட்டு விமானப்படைச் செயலராக இருந்த பிராங்க் கெண்டலே 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

நான் வெளியே வந்த பிறகு நடந்ததையும் பாருங்கள். ஏஎன்-32 கூட்டம் மொத்தத்துக்கும் ஆயுளை நீட்டி, காக்பிட் கருவிகளைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. யாரிடம் போவது? வடிவமைத்தவன் ஒருவன்தானே. 2009-இல் உக்ரைனுடன் ஒப்பந்தம், 105 விமானம், சுமார் 40 கோடி டாலர். 40 விமானத்தை அங்கே அனுப்பிச் செய்வது, மீதி 65-ஐ கான்பூரில் உள்ள 1 பிஆர்டி என்கிற விமானப்படைப் பழுதுபார்ப்புப் பட்டறையில் நம் ஆட்களே செய்வது என்று ஏற்பாடு. அங்கே போனவை வந்து சேர்ந்தன. 2014-இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் மோதல் வந்ததும் கான்பூர் வேலை தடுமாறிவிட்டது. செய்து தருகிறேன் என்றவன் உக்ரைனில், அவனுக்கு வேண்டிய பாகங்களில் ஒரு பங்கு ரஷ்யாவில். இந்தச் செய்தியை நான் வீட்டில் பேப்பரில் படித்தபோது அந்த ஊறுகாய் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

கணபதி லேத்:

அண்ணா, மிக்க நன்றி. பாட்டில் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு "அந்த ஆபீசர் தொழில் தெரிஞ்சவர்" என்றார்.

ஒரு சந்தேகம். ஒரே ஆளிடம்தான் வாங்க முடியும் என்பது புரிகிறது. அவன் சொல்வதுதான் விலை என்றால், நியாயமான விலை என்று அரசாங்கம் எப்படி முடிவு செய்கிறது? எனக்கு பம்ப் கம்பெனி அடுத்த பட்டறையின் கொட்டேஷனைக் காட்டி மிரட்டும். இங்கே காட்ட அடுத்த கொட்டேஷனே இல்லையே.

கணக்கு அக்கா:

இந்தக் கேள்வி என் பக்கத்துக்கு வருகிறது. பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். விமானத்தைத் தொட்டது கிடையாது, அதன் கோப்புகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

விதி என்று பார்த்தால், பொது நிதி விதிகள் 2017-இல் 166-ஆவது விதி. சிங்கிள் டெண்டருக்கு மூன்று சந்தர்ப்பம் சொல்கிறது: குறிப்பிட்ட ஒரு நிறுவனம் மட்டுமே அந்தப் பொருளைத் தயாரிக்கிறது, அவசரம், ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும் என்று தொழில்நுட்ப வல்லுநர் சொல்கிறார். முதல் காரணத்துக்குத்தான் பிஏசி, அதாவது தனியுரிமைப் பொருள் சான்றிதழ். அதில் ஒரு வரி உண்டு: "வேறு எந்தத் தயாரிப்பும் கீழ்க்கண்ட காரணங்களால் ஏற்புடையதல்ல." அந்தக் 'கீழ்க்கண்ட காரணங்கள்' இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே எழுதியவர் உழைத்தாரா, போன வருடத் தாளைப் பார்த்து எழுதினாரா என்று தெரிந்துவிடும். பாதிக்கு மேல் இரண்டாவது ரகம். ஃபிட்டர் சார் சொன்ன மாதிரி சிக்கலான சீலுக்கு பிஏசி போடுவது நியாயம். அதே தாளை ஜெராக்ஸ் எடுத்து வாஷருக்கும் கைப்பிடிக்கும் போட்டு அனுப்புவார்கள். அதில்தான் எனக்கும் யூனிட்டுக்கும் சண்டை.

விலை நியாயம் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே கைத்தடி எல்பிபி. கடைசியாக வாங்கிய விலை. அதன் மேல் வருடத்துக்கு இவ்வளவு சதவீதம் ஏற்றம் என்று கணக்குப் போட்டு, கேட்ட விலை அதற்குள் இருந்தால் சரி. கடைசி விலையே அநியாயம் என்றால்? அந்த அநியாயத்தின் மேல் வட்டி போட்டு ஒப்புதல் கொடுப்போம். பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்தால் எதிரே இருக்கிற கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே இருப்பார். விமானம் தரையில் நிற்பது அவருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன், அங்கே அறிக்கை பகிரங்கமாக வரும் என்பதால் எண் கிடைக்கிறது. டிரான்ஸ்டைம் என்று ஒரு நிறுவனம். விமானப் பாகங்களில் தனியுரிமை வைத்திருக்கும் சின்னச் சின்ன கம்பெனிகளை வாங்குவதுதான் அதன் தொழில். பாதுகாப்புத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் இல்லை, துறைக்குள் முறைகேடு பார்க்கிற அதிகாரி) 47 பாகங்களை எடுத்துச் சோதித்தார். 15 சதவீதம் வரை லாபம் நியாயம் என்று வைத்துக்கொண்டு பார்த்ததில் 46 பாகங்களில் அதிக லாபம். லாப சதவீதம் 17-இல் ஆரம்பித்து 4,451 வரை போகிறது. 2019-இல் அறிக்கை வந்து, நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்ட பிறகு 1.61 கோடி டாலரைத் திருப்பித் தர கம்பெனி ஒப்புக்கொண்டது.

இதில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு: வாங்கிய அதிகாரிகள் விதியை மீறவில்லை. செலவு விவரத்தை கம்பெனி கட்டாயம் தர வேண்டும் என்ற சட்டம் அப்போது 7.5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்குத்தான். இவற்றில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. சின்னச் சின்னதாக வாங்கினால் யாரும் கேட்க முடியாது. பெஞ்சுத் தம்பி, இங்கே கமிஷன்கூடத் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா?

இன்னொன்று சிரிப்பாக இருக்கும். சி-17 பெரிய சரக்கு விமானம், நம்மிடமும் 11 இருக்கிறது. அதன் கழிவறையில் கை கழுவும் சோப்பு டப்பாவுக்கு, கடையில் கிடைப்பதைப் போல 80 மடங்குக்கு மேல் அமெரிக்க விமானப்படை கொடுத்திருக்கிறது என்று 2024 அக்டோபர் அறிக்கை. பராமரிப்பு மொத்தத்தையும் விமானம் செய்த போயிங்கிடமே கொடுத்துவிட்டால் சோப்பு டப்பாவும் அந்த வழியாகத்தான் வரும்.

பிரிட்டன் வேறு வழி எடுத்தது. போட்டியில்லாமல் வாங்குவதைத் தவிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டு 2014-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். தனி ஒழுங்குமுறை அலுவலகம் ஒன்று. 50 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள சிங்கிள் சோர்ஸ் ஒப்பந்தம் என்றால் கம்பெனி செலவுக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், அடிப்படை லாப விகிதம் வருடாவருடம் அறிவிக்கப்படும். கணக்குக்காரியான எனக்கு இது பிடிக்கும். ஆனால் அங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள் நாட்டுக் கம்பெனி. நமக்கு விற்கிற வெளிநாட்டுக்காரரிடம் புத்தகத்தைத் திற என்றால் திறப்பாரா?

பழைய ஃபிட்டர்:

அக்கா சொன்ன எல்பிபி விஷயம் எங்களுக்கு அப்போது தெரியாது. பாகம் வரவில்லை என்றால் "அக்கவுண்ட்ஸ்காரர்கள் அமுக்கி வைத்திருக்கிறார்கள்" என்று திட்டுவோம். மன்னிக்கவும்.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே ஆள் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாகுவார். பிரான்ஸ் 2005-இலும் பிரிட்டன் 2007-இலும் ஓய்வு கொடுத்த விமானம், உலகத்தில் இன்னும் ஓட்டுவது நாம் மட்டும்தான். என்ஜின் போதாது, புதிது போட வேண்டும் என்று பேச்சு வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் விலகிக்கொண்டதும் ஹனிவெல் மட்டும் மிஞ்சியது. இழுத்து இழுத்து, விலை கட்டுப்படியாகாது என்று 2019-இல் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். இதற்கிடையே 2018-இலேயே பிரான்ஸ் ஓரங்கட்டிய ஜாகுவார்களை உதிரிபாகத்துக்காகக் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. நாங்கள் ஹேங்கர் மூலையில் செய்த வேலைதான், கடல் தாண்டி.

இப்போது புத்தி வந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2016-இல் ரஃபேல் வாங்கியபோது, 75 சதவீத விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்க ஐந்து வருடம் கம்பெனியே பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பாகத்துக்குப் பாகம் காசு கொடுப்பதைவிட இது தேவலை. ஐந்து வருடம் முடிந்ததும் எதிரே உட்காருவது அதே ஆள்தான், அதையும் மறக்க வேண்டாம்.

கணபதி லேத்:

அப்படியென்றால் எங்களை மாதிரி ஆட்களுக்கு வழியே இல்லையா? ரப்பர் கலவையைச் சோதித்துக் கண்டுபிடிக்க கோவையிலேயே லேப் இருக்கிறது. சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே இறங்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய ஃபிட்டர்:

வழி இருக்கிறது, குறுக்கு வழி இல்லை. விமானத்தில் பறக்கிற பாகம் என்றால் பெங்களூரில் செமிலாக் என்று ஒரு அமைப்பு, ராணுவ விமானத் தகுதிச் சான்று அவர்கள் கையில். பொருள், வரைபடம், சோதனைத் திட்டம் எல்லாம் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்யும்போது தரம் பார்க்க டிஜிஏக்யூஏ ஆட்கள் வருவார்கள். நாள் பிடிக்கும். சில பாகம் வருடத்துக்கு நாற்பது ஐம்பதுதான் போகும், அச்சுக்குப் போட்ட காசும் சோதனைக்குக் கொடுத்த காசும் திரும்புமா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பல பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பிஏசி வருடாவருடம் தொடருவதற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் வெளியே சொல்வதில்லை.

எந்தெந்த பாகத்துக்கு உள்ளூர் ஆள் தேடுகிறார்கள் என்று பார்க்க சிருஜன் என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் தளம் 2020-இலிருந்து இருக்கிறது. பட்டியலைத் தேடுங்கள். நம்ம சிறுதொழில் சங்கம் கொடிசியாவில் பாதுகாப்புத் துறைக்கென்று ஒரு மையம் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். சூலூரில் 5 பிஆர்டி உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற மாதிரி.

என் யோசனை கேட்டால், பறக்கிற பாகத்தில் ஆரம்பிக்காதீர்கள். விமானத்தை இழுக்கிற டோ பார், தூக்குகிற ஜாக், ஹைட்ராலிக் டிராலி, ஏணி. இவையும் ஒரே ஆளிடம் வாங்கியவைதான், இவற்றிலும் புஷ்ஷும் சீலும் தேய்கிறது. தரையில் நிற்கிற சாமானுக்கு வானத்துச் சான்று அளவுக்குக் கெடுபிடி இருக்காது. ஒரு வருடம் அதில் பெயர் வாங்கினால் உள்ளே நாலு பேருக்கு உங்கள் பட்டறை தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. சாம்பிள் எடுத்துப் போகும்போது சீல் ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் இருக்க வேண்டும். பையின் மேல் வார்த்த மாதமும் வருடமும் எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத ரப்பரை ஸ்டோர்காரர் கையில்கூட வாங்க மாட்டார்.

கணபதி லேத்:

நாங்கள் கிலோ கணக்கில் சாக்கில் கட்டி அனுப்புகிறவர்கள் அண்ணா, தேதி எழுதிய பழக்கமே இல்லை. நாளை காலை பிரஸ் ஓட்டுகிற பையனிடம் முதல் வேலையாக அதைச் சொல்கிறேன். டோ பார் யோசனை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சூலூர்ப் பக்கம் வந்தால் ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா?

பழைய ஃபிட்டர்:

வாருங்கள். பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவேன். நாலு சீல் எடுத்து வாருங்கள். காலி ஊறுகாய் பாட்டில் வீட்டில் இருக்கிறது.